பத்தாயிரத்து ஏழாவது பாக்கு

மொட்டப்பனையூர் எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். அந்த ஊர்க்காரர்களைக் கேட்டாலும் பிரயோசனம் இல்லை. "நாங்க இங்கனயேதான் இருக்கோம், எங்களுக்கு எதுக்கு வழி தெரியணும்?" என்று திருப்பிக் கேட்பார்கள். அந்த ஊரில் அறிவே இல்லை என்று சிலர் சொல்வது அபாண்டம். அறிவு மூட்டை மூட்டையாக உண்டு. ஒருவரும் எடுத்துச் செலவழித்ததில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊரில் ஆள் கணக்கு கிடையாது, தலைக்கட்டுக் கணக்குதான். கல்யாணம் ஆன ஆம்பிளை ஒரு தலைக்கட்டு. பெண்டாட்டி வந்தாலும் அது ஒன்றுதான், ஒன்பது பிள்ளை பெற்றாலும் ஒன்றுதான். கல்யாணம் ஆகாதவன் கணக்கிலேயே வரமாட்டான். கோயில் கொடைத் திருவிழா முடிந்து தலைக்கட்டுக்கு ஒரு தேங்காய் முறி கொடுப்பார்கள். வைக்கோல் வண்டி ஓட்டும் வெயிலுமுத்து வரிசையில் நிற்பான். அவனுக்கு வயது முப்பத்திரண்டு, மீசையில் ஒரு நரைகூட வந்துவிட்டது. "ஏல, நீ இன்னும் ஆளே ஆகலையே" என்று அவனைத் தாண்டி அடுத்தவனுக்குக் கொடுப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் அவன் வெறுங்கையோடு திரும்புவான். தேங்காய் போனதில் வருத்தமில்லை, ஆள் இல்லை என்று சொன்னதுதான் நெஞ்சில் கிடந்து அறுத்தது.

அப்படிப்பட்டவனுக்குப் போன ஆடி மாதம் ஒரு நல்லது நடந்தது. பக்கத்து ஊரான ஆலமுத்தூருக்கு வைக்கோல் ஏற்றிக்கொண்டு போனான். அங்கே கணக்கு வாத்தியார் சங்கரலிங்கத்தின் மகள் செண்பகவடிவு, "செத்த நில்லுங்க, கூடைய எடுத்துட்டு வாரேன்" என்று உள்ளே போனாள். போனவள் உலை பொங்குவதைப் பார்த்து வைக்கோலை மறந்துவிட்டாள். மறுநாள் சாயங்காலம் தற்செயலாக வாசலுக்கு வந்தால், வண்டியும் மாடும் அவனும் அதே இடத்தில் நின்றுகொண்டிருக்கிறார்கள். இடையில் ஒரு மழையும் பெய்து ஓய்ந்திருந்தது. மாட்டுக்காவது வைக்கோல் இருந்தது, அவனுக்கு அதுவும் இல்லை.

"நீங்கதான நிக்கச் சொன்னீக?" என்றான்.

செண்பகவடிவு அசந்துபோனாள். அவள் வீட்டில் அவள் சொல்லை ஐந்து நிமிஷம் காதில் வைத்திருக்கிற ஆள் கிடையாது. ஒரு வார்த்தைக்காக ஒன்றரை நாள் மழையில் நிற்கிற ஆம்பிளையை விட்டுவிட அவளுக்கு மனமில்லை. "கட்டினா இவுகளத்தான் கட்டுவேன்" என்று சொல்லிவிட்டாள்.

வெயிலுமுத்துவுக்கு அப்பா அம்மா இல்லை. அந்தக் குறை தெரியக்கூடாது என்று கடவுள் மூன்று பேரைக் கொடுத்திருந்தார்: பெரியப்பா கொம்பையா, சித்தப்பா இசக்கியா, தாய்மாமன் பேச்சிமுத்து. மூன்று பேரும் சேர்ந்து யோசித்தால் எந்தச் சின்னக் காரியத்தையும் பெரிய காரியமாக்கிவிடுவார்கள். அவர்கள் வெற்றிலை பாக்கு, வாழைப்பழத்தோடு வாத்தியார் வீட்டுக்குப் பெண் கேட்டுப் போனார்கள்.

வாத்தியாருக்கு இந்தச் சம்பந்தம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. டவுனில் ஒரு கிளார்க் மாப்பிள்ளையை அவர் மனதில் வைத்திருந்தார். ஆனால் முகத்துக்கு நேரே "கொடுக்க மாட்டேன்" என்று சொல்லும் பழக்கம் நம் பக்கத்தில் யாருக்கு உண்டு? ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம் என்றால், பாழாய்ப்போன ஜாதகம் பத்துக்குப் பத்து பொருந்தித் தொலைத்தது. வாத்தியார் கண்ணை மூடி ஒரு நிமிஷம் யோசித்தார். கண்ணைத் திறந்தபோது முகத்தில் ஒரு களை வந்திருந்தது.

"அண்ணாச்சி, எங்க குடும்பத்துல ஒரு வழக்கம் உண்டு. பரிசம் போட வரும்போது பத்தாயிரத்து ஏழு கொட்டைப்பாக்கு கொண்டாரணும்."

"அவ்வளவுதான? கொண்டாந்தாப் போச்சு."

"இருங்க. எல்லாத் தட்டுலயும் ஒரே அளவா வைக்கணும். கடைசில ஒரு பாக்குகூட மிஞ்சக் கூடாது. எல்லாத்தையும் ஒரே தட்டுல கொட்டவும் கூடாது, தட்டுக்கு ஒண்ணு ஒண்ணா வைக்கவும் கூடாது. தட்டு பத்தலைன்னா இலையில வச்சுக்கிடுங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். தை மாசம் முதல் முகூர்த்தத்துக்குள்ள வந்துட்டீங்கன்னா பொண்ணு உங்களுக்கு. வரலைன்னா நான் வேற எடம் பாக்க வேண்டியதுதான்."

இந்த இடத்தில் வாத்தியாருடைய பெருந்தன்மையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பத்தாயிரத்து ஏழு என்பது பகா எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண். நூறை நூறால் பெருக்கினால் பத்தாயிரம், நூற்றொன்றை நூற்றொன்றால் பெருக்கினால் பத்தாயிரத்து ஏழைத் தாண்டிவிடும். ஆகவே நூறு வரைக்கும் வகுத்துப் பார்த்தால் போதும் என்று கண்டுபிடித்து, ஒரு கோடை விடுமுறை முழுவதையும் அந்த ஒரு எண்ணோடு கழித்தவர் அவர். அதனால் ஆலமுத்தூர் அவரை அறிவாளி என்று கொண்டாடியது. மொட்டப்பனையூருக்கும் ஆலமுத்தூருக்கும் இரண்டு மைல்தான் தூரம் என்பதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

பாக்கு மண்டியில் ஒரு கணக்கர் மூன்று நாள் உட்கார்ந்து, ஒன்று விடாமல் எண்ணிப் பத்தாயிரத்து ஏழு கொட்டைப்பாக்கைச் சாக்கில் கட்டிக் கொடுத்தார். இந்தக் கதையில் தன் வேலையை ஒழுங்காகச் செய்த ஒரே ஆள் அவர்தான். ஆகவே அவருக்கு இனிமேல் இங்கே வேலை இல்லை.

வற்றிய குளத்து மணலில் சாக்கை இறக்கினார்கள். ஊரில் இருந்த பூவரச மரத்தையெல்லாம் மொட்டையடித்து இலை கொண்டுவந்தார்கள். இலைக்கு எத்தனை வைப்பது என்று மூன்று பெரியவர்களும் ஒரு பொழுது முழுக்க விவாதித்தார்கள்.

"மாப்ள ஒண்ணு, பொண்ணு ஒண்ணு. ரெண்டுதான் லட்சணம்" என்று பேச்சிமுத்து முடித்து வைத்தார்.

ஊரே குனிந்து வைத்தது. ஐயாயிரத்து மூன்று இலைகளில் இரண்டிரண்டாக வைத்து முடித்து நிமிர்ந்தபோது, சாக்கின் அடியில் ஒரே ஒரு பாக்கு கிடந்தது. செண்பகவடிவு கிளார்க்கோடு டவுன் பஸ்ஸில் ஏறிப் போவது அவன் கண்ணுக்கே தெரிந்தது.

கொம்பையா அந்தப் பாக்கை எடுத்து உள்ளங்கையில் வைத்து உற்றுப் பார்த்தார்.

"பத்தாயிரத்து ஆறு பேரு சொன்ன பேச்சு கேட்டு இலையில போய் உக்காந்துட்டான். இவன் ஒருத்தன் மட்டும் ஏன் உக்காரல?"

"திமிரு" என்றார் இசக்கியா.

"வளர்ப்பு சரியில்ல" என்றார் பேச்சிமுத்து.

வகுத்தால் மீதி வருவது எண்ணின் குணம் என்று நீங்களும் நானும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மொட்டப்பனையூரில் அது மிஞ்சியவனின் குணம். உடனே பஞ்சாயத்து கூடியது. பாக்கை ஒரு தேங்காய்ச் சிரட்டைமேல் நிற்க வைத்து விசாரித்தார்கள். மூன்று தடவை கேட்டும் அது வாயைத் திறக்கவில்லை. அழுத்தக்காரன் என்று முடிவு கட்டி, இனிமேல் அடையாளம் தெரியட்டும் என்று அதன் தலையில் ஒரு சுண்ணாம்புப் பொட்டு வைத்து, "இதோட மன்னிச்சு விடுதோம், இனிமே ஒழுங்கா இரு" என்று எச்சரித்தார்கள்.

மறுநாள் எல்லாவற்றையும் குலுக்கிப்போட்டு இலைக்கு மூன்றாக வைத்தார்கள். கடைசியில் இரண்டு மிஞ்சியது. ஓடிப்போய்த் தேடினால், சுண்ணாம்புப் பொட்டுக்காரன் ஒரு இலையில் இரண்டு பேருக்கு நடுவில் சாதுவாக உட்கார்ந்திருந்தான்.

"திருந்திட்டாம்ல!" என்று வெயிலுமுத்து துள்ளினான்.

"அவன் திருந்திட்டான். ஆனா போற போக்குல ரெண்டு பேரக் கெடுத்துட்டுப் போயிருக்கான்" என்றார் கொம்பையா, சோகமாக.

இலைக்கு நான்காக வைத்தால் மூன்று மிஞ்சியது. ஐந்தாக வைத்தால் இரண்டு. "ஒருத்தனுக்குப் புத்தி வந்திருக்கு" என்று ஆறுதல்பட்டார்கள். ஆறாக வைத்தால் ஐந்து மிஞ்சியது, ஏழுக்கு நான்கு, எட்டுக்கு ஏழு, ஒன்பதுக்கு எட்டு. பன்னிரண்டாக வைத்த அன்று பதினொரு பாக்கு கூட்டமாக மிஞ்சி நின்றதைப் பார்த்து ஊரே பயந்துவிட்டது. பொம்பிளைகள் பிள்ளைகளைக் குளத்துப் பக்கம் விடவில்லை. கெட்ட சகவாசம் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது பாருங்கள்!

மார்கழி பாதி போய்விட்டது. வெயிலுமுத்து சோறு தண்ணி இல்லாமல் இளைத்தான். மூன்று பெரியவர்களும் டவுனுக்குப் போய் ஒரு எண் ஜோதிடரைப் பார்த்தார்கள். அவர் எண்ணைத் தாளில் எழுதிக் கூட்டினார். ஒன்றும் ஏழும் எட்டு.

"எட்டு சனியோட எண்ணாச்சே! கடைசியில நிக்கற ஏழுதான் ஆகாது. அதைத் தூக்கி முன்னால கொண்டுவாங்க, எல்லாம் சரியாகும்" என்றார். முன்னால் போனாலும் கூட்டினால் எட்டுதான் வரும் என்பதை அவர் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

கேட்டதை அப்படியே செய்கிற ஊர் அல்லவா? எல்லாப் பாக்கையும் சாக்கில் போட்டு வாயைக் கட்டினார்கள். கடைசி ஏழு என்றால் அடியில் இருக்கிற ஏழு. அதை முன்னால் கொண்டுவர வேண்டும் என்றால் சாக்கை அடிப்பக்கம் திறக்க வேண்டும். இசக்கியா அரிவாளால் அடியை ஒரே இழுப்பாக இழுத்தார். பாக்கெல்லாம் குளத்துச் சரிவில் உருண்டோட, ஊரே விழுந்து புரண்டு பொறுக்கியது. எண்ணிப் பார்த்தபோது பத்தாயிரத்து ஏழு சரியாக இருந்தது. இலைக்குப் பதின்மூன்றாக வைத்தார்கள். பத்து மிஞ்சியது.

"இதுக்கு ஆணிவேரு அந்தச் சுண்ணாம்புக்காரன்தான். முதல்ல மிஞ்சினவன் அவன்தான? அவன ஊர விட்டு விலக்கி வைக்கணும்" என்று கொம்பையா தீர்ப்புச் சொன்னார். சுண்ணாம்புப் பாக்கைக் குளக்கரையில் ஒரு சிரட்டைக்குள் போட்டுத் தனியாக வைத்தார்கள். மற்றவற்றை இலைக்கு இரண்டாக வைத்தால், அட, ஐயாயிரத்து மூன்று இலை, ஒன்றுகூட மிஞ்சவில்லை! கொட்டு அடிக்காத குறைதான். கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

வெயிலுமுத்து மட்டும் மெல்லக் கேட்டான்: "பெரியப்பா, இப்ப மொத்தம் எத்தன இருக்கு?"

"பத்தாயிரத்து ஆறு."

"வாத்தியாரு கேட்டது?"

கொம்பையா கட்டிப்பிடித்த கையை எடுத்துக்கொண்டார்.

அன்று உச்சி வெயிலில் எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். வெயிலுமுத்து குளக்கரையில் சிரட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். உள்ளே சுண்ணாம்புப் பொட்டோடு அந்தப் பாக்கு ஒற்றையாகக் கிடந்தது. கீழே மணலில் மற்றவர்களெல்லாம் ஜோடி ஜோடியாக இலையில் இருந்தார்கள். கொடையில் தேங்காய் முறி கொடுக்கும்போது இதே மாதிரிதானே அவனை விட்டுத் தாண்டிப் போவார்கள்? அவன் என்ன தப்பு செய்தான்? இந்தப் பாக்குதான் என்ன தப்பு செய்தது? பக்கத்தில் உட்கார ஒரு ஆள் இல்லை, அது ஒரு குற்றமா?

சடக்கென்று எழுந்து ஊருக்குள் ஓடினான். கொம்பையா மோர் சோற்றில் கையை வைத்திருந்தார்.

"பெரியப்பா! அவனுக்குத் திமிரும் இல்ல, ஒரு எழவும் இல்ல. அவனுக்குக் கல்யாணம் ஆகல, அதான் மிஞ்சுதான்!"

கொம்பையாவின் கை சோற்றிலேயே நின்றது. இசக்கியாவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "ஏல, பாவம்ல, ஒண்டிக்கட்டையப் பிடிச்சுச் சுண்ணாம்பு வச்சிட்டமே" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"கல்யாணம் பண்ணி வச்சா ஒண்ணு கூடிருமே, பத்தாயிரத்து எட்டு ஆயிருமே?" என்று பேச்சிமுத்து மட்டும் கேட்டார். அந்த ஊரில் சில சமயம் இப்படி ஆபத்தான கேள்விகளும் எழும்.

"எப்படிவே கூடும்? நீரு கல்யாணம் முடிச்சீரே, ரெண்டு தலைக்கட்டு வரியா குடுக்கீரு? புருசன் பெண்டாட்டி சேந்து ஒண்ணுதான். பத்தாயிரத்து ஏழு பத்தாயிரத்து ஏழாவே இருக்கும்" என்றார் கொம்பையா.

பெண் பார்க்கப் போனார்கள். ஒரு தோட்டத்தில் பழுத்த பாக்கு ஒன்று, தோலெல்லாம் மஞ்சள் பூசின மாதிரி பளபளவென்று இருந்தது. "நல்ல நிறம்" என்றார் இசக்கியா. "ஒசரம் கொஞ்சம் கூடுதல்" என்றார் பேச்சிமுத்து. மாப்பிள்ளைப் பாக்குக்கு வாயில்லாததால் பேசாமல் இருந்தது, அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். தைப்பொங்கல் கழிந்த மறுநாள் குளத்துக்குள் பந்தல் போட்டு, மேளம் வைத்து, மஞ்சள் நூல் கட்டி, ஊருக்கே சாப்பாடு போட்டார்கள். வெயிலுமுத்துதான் மாப்பிள்ளைத் தோழன். அவன் கல்யாணத்துக்கு முந்தி பாக்கின் கல்யாணம் நடந்துவிட்டது என்பது அவனுக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் சந்தோஷமாகவே பந்தி விசாரித்தான்.

புதுப் பெண்ணையும் சேர்த்து இலைக்கு இரண்டாக வைத்தார்கள். ஐயாயிரத்து நான்கு இலை, மிச்சம் இல்லை. சந்தேகத்துக்கு மூன்றாக வைத்தார்கள், மிச்சம் இல்லை. நான்கு, ஆறு, எட்டு, ஒன்பது, பன்னிரண்டு, எப்படி வைத்தாலும் ஒருத்தன்கூட மிஞ்சவில்லை.

"கால்கட்டு போட்டதும் எப்படிப் பொறுப்பு வந்துட்டு பாத்தியா? இவனப் பாத்து மத்தவனும் அடங்கிட்டான்" என்று கொம்பையா மீசையைத் தடவினார். ஐந்தாக வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றாதது அவர்கள் செய்த புண்ணியம்.

முதல் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலையில் ஆலமுத்தூர்த் தெரு முழுக்கப் பூவரச இலையாக இருந்தது. வாத்தியார் வீட்டு வாசலில் ஆரம்பித்து, தெருவை மூன்று தடவை சுற்றி, மறுபடி வாத்தியார் வீட்டு வாசலில் முடிந்தது வரிசை. வாத்தியார் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தார். அவர் முகத்தில் கவலையே இல்லை. எண் அவர் பக்கம் இருந்தது. ஆலமுத்தூரே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. வாசல்படியில் செண்பகவடிவு நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"எத்தனை இலை அண்ணாச்சி?"

"ஐயாயிரத்து நாலு."

"இலைக்கு?"

"ரெண்டு."

வாத்தியார் தொடையைத் தட்டினார். "பத்தாயிரத்து எட்டு! நான் கேட்டது பத்தாயிரத்து ஏழு. ஒண்ணு கூட இருக்கே."

"கூட இல்ல வாத்தியாரையா. அது அவன் பொஞ்சாதி" என்று கொம்பையா, வாசலுக்கு நேரே இருந்த இலையைக் காட்டினார். அங்கே சுண்ணாம்புப் பொட்டுப் பாக்கும் மஞ்சள் நூல் கட்டிய பழுத்த பாக்கும் அக்கம்பக்கமாக இருந்தன. தலைக்கட்டுக் கணக்கை அவருக்குப் பொறுமையாக விளக்கினார்.

புத்திசாலியாக இருந்தால் வாத்தியார் அந்த இடத்தில் எழுந்து உள்ளே போயிருப்பார். அவர் அறிவாளி, ஆகவே வாதம் செய்தார்.

"சரி, தலைக்கட்டுன்னே வச்சுக்குவோம். மத்த இலையிலயும் ஜோடிதான இருக்கு? இலைக்கு ஒரு தலைக்கட்டுன்னா ஐயாயிரத்து நாலுதான ஆச்சு?"

"அவங்கெல்லாம் ஜோடி இல்ல, அண்ணன் தம்பி."

"அண்ணன் தம்பின்னு எப்படித் தெரியும்?"

"ஒரே சாக்குல பொறந்தவன் அண்ணன் தம்பி இல்லாம பொறவு யாரு?" என்றார் இசக்கியா. கூட்டம் தலையாட்டியது.

"அவங்களுக்குக் கல்யாணம் ஆயிட்டா?"

"இல்ல. எல்லாம் இளவட்டம்."

வாத்தியார் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். குரல் கணீரென்று வந்தது. "கல்யாணம் ஆகாதவன் தலைக்கட்டுல வரமாட்டான்னு நீங்கதான சொன்னீங்க? அப்ப இந்தத் தெருவுல இருக்கதே ஒரே ஒரு தலைக்கட்டுதான்! நான் பத்தாயிரத்து ஏழு கேட்டேன், நீங்க ஒண்ணு கொண்டாந்திருக்கீங்க!"

கொம்பையா பேச்சிமுத்துவைப் பார்த்தார், பேச்சிமுத்து இசக்கியாவைப் பார்த்தார், இசக்கியாவுக்குப் பார்க்க ஆள் இல்லாததால் வானத்தைப் பார்த்தார். வெயிலுமுத்துவின் முகம் செத்துப்போனது. அவன் செண்பகவடிவைப் பார்த்தான், அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வாத்தியாருக்கோ வாழ்நாளில் இவ்வளவு பெரிய வெற்றி கிடைத்ததில்லை. அந்தப் பூரிப்பில் நாற்காலியில் சாய்ந்தார். வெற்றிலை போடுகிறவர்களுக்கு வாதத்தில் ஜெயித்ததும் கை எங்கே போகும்? ஒரு வெற்றிலையைத் துடைத்துச் சுண்ணாம்பு தடவினார். கண்ணைக் கூட்டத்தின்மேல் வைத்தபடியே கையை நீட்டி, எதிரே இருந்த இலையிலிருந்து ஒரு பாக்கை எடுத்தார். பாக்குவெட்டியில் வைத்து நறுக்கென்று ஒரு அழுத்து அழுத்தி, வாயில் போட்டு மென்றார்.

இலையில் மஞ்சள் நூல் கட்டிய பாக்கு மட்டும் தனியாக இருந்தது.

"ஐயோ, மாப்ள!" என்று வெயிலுமுத்து தெருவில் விழுந்து அழுதான்.

வாத்தியாருக்கு ஒன்றும் புரியவில்லை. வாயில் சிவப்பு ஊறிக்கொண்டிருந்தது. வாசல்படியிலிருந்து செண்பகவடிவின் குரல்தான் முதலில் வந்தது. அழுகை நின்று, அதில் ஒரு சிரிப்புக்கூடக் கலந்திருந்தது.

"அப்பா, பரிசத்துல வச்ச பாக்க எடுத்து மென்னுட்டீங்களே."

பெண்ணைப் பெற்றவன் பரிசப் பாக்கை எடுத்து வாயில் போட்டால் வாக்குக் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். அந்த வட்டாரத்தில் இது எழுத்தறியாதவனுக்கும் தெரியும். இருநூறு பேர் பார்த்திருக்கிறார்கள். வாத்தியார் அவசரமாகத் துப்பப் போனார்.

"துப்பாதீரும்! அவனுக்கு அந்த மரியாதையாவது குடும்!" என்று கொம்பையா கத்தினார். வாத்தியார் பயந்துபோய் விழுங்கிவிட்டார்.

மூன்று பெரியவர்களும் தெருவிலேயே உட்கார்ந்து பஞ்சாயத்துக் கூட்டினார்கள்.

"இது கொலை" என்றார் இசக்கியா.

"இது சம்மதம்" என்றார் பேச்சிமுத்து.

கொம்பையா இரண்டையும் சேர்த்துத் தீர்ப்புச் சொன்னார்: "சம்மதிச்சுக் கொன்னிருக்காரு. சம்மதிச்சதுக்கு மகளக் குடுக்கணும். கொன்னதுக்கு, தாலிகட்டிப் பத்து நாள்கூட ஆகாத இந்தப் பிள்ளைய மகளா ஏத்துக்கிட்டு, நல்ல எடமாப் பாத்து இன்னொரு கல்யாணம் பண்ணி வைக்கணும்."

பத்தாயிரத்து ஏழு எதாலும் வகுபடாது என்பதற்கு வாத்தியாரிடம் நிரூபணம் இருந்தது. இதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, "சரி" என்றார்.

மறு முகூர்த்தத்தில் ஒரே பந்தலில் இரண்டு கல்யாணம் நடந்தது. வாத்தியார் ஒரு மகளை வெயிலுமுத்துவுக்குத் தாரை வார்த்துக் கொடுத்தார். இன்னொரு மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவளுக்கு மாப்பிள்ளை தேட அவர் இரண்டு நாள் சாக்கைக் கொட்டிக் கிளறியிருந்தார். ஒன்றில் பூச்சி ஓட்டை, ஒன்று உள்ளே சொத்தை, ஒன்று தட்டினால் சத்தம் சரியில்லை. கடைசியில்தான் குறையில்லாத ஒருத்தன் கிடைத்தான். "பொண்ணைப் பெத்தவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். செண்பகவடிவு வண்டியேறும்போது அவர் திடமாகத்தான் நின்றார். பாக்கை அனுப்பும்போது தேம்பித் தேம்பி அழுதார் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

அந்த வருஷம் தலைத் தீபாவளிக்கு இரண்டு மருமகன்களுக்கும் வாத்தியார் வீட்டிலிருந்து சீர் போனது. பாரபட்சம் இல்லாமல் ஆளுக்கு ஒரு எட்டு முழ வேட்டியும் துண்டும். வெயிலுமுத்து அன்றே கட்டிக்கொண்டு தெருவில் நடந்தான். மூன்றாம் நாள் கொம்பையா ஒரு வேட்டியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஆலமுத்தூருக்கு வந்து நின்றார்.

"ஒண்ணும் தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி. சின்ன மாப்ளைக்குக் கரை பிடிக்கலையாம்."

"நான் அப்பவே கடைக்காரன்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன், அவருக்கு மயில்கண் கரைதான் எடுப்பா இருக்கும்னு!" என்று வாத்தியார் பதறிப்போய், செருப்பைக்கூட மாட்டாமல் ஜவுளிக்கடைக்கு ஓடினார்.